ஜேபெக்கை விரித்துத் தேடுவதா, விரிக்காமலே தேடுவதா?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் எங்கள் ஸ்டூடியோ. ஹார்ட் டிஸ்கில் ஏறத்தாழ 60,000 ஜேபெக் (JPEG) படங்கள்: கல்யாணம், காதணி விழா, வருடாவருடம் தண்ணீர்மலைக்குப் போகும் தைப்பூச ரதம். வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சிறுத்துப்போன படத்தைக் காட்டி, "அண்ணே, இதோட ஒரிஜினல் வேணும், ஃப்ரேம் போடணும்" என்பார்கள். கோப்பின் பெயர் மாறியிருக்கும். படத்தை வைத்தே படத்தைத் தேட வேண்டும். இரண்டு வழியையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

ஒன்று, சுருக்கி வைத்த படத்தை முழுதாக விரித்து, கிளிப் (CLIP) மாதிரியான நியூரல் மாடலிடம் கொடுப்பது; படத்தையும் சொல்லையும் ஒப்பிடக்கூடிய எண்களாக மாற்றித் தரும் ஏஐ அது. படம் என்ன சொல்கிறது என்று பார்த்துத் தேடுவதில் அதை அடிக்க முடியாது. காவடி என்று தேடினால் காவடியைக் கொண்டுவரும்.

ஆனால் நான் வைத்துக்கொண்டது மற்றதை, படத்தை முழுதாக விரிக்காமலே தேடுவதை. 1992-இல் வந்த ஜேபெக் தரம் படத்தை 8×8 கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் 64 எண்களாக மாற்றி வைக்கிறது. முதல் எண்ணான டிசியில் (DC) அந்தக் கட்டத்தின் சராசரி ஒளி, நிற அளவு இருக்கிறது. அந்த எண்களைச் சுருக்கி வைத்திருக்கும் ஹஃப்மன் குறியீட்டை மட்டும் அவிழ்த்து டிசி எண்களை அடுக்கினால், 4000×3000 படம் 500×375 ஆக நிற்கும். வெள்ளி ரதமும் மஞ்சள் உடைக் கூட்டமும் அதிலேயே தெரியும். அதை 16×16-க்குக் குறைத்து ஒப்பிடுகிறேன். வாட்ஸ்அப் எவ்வளவு அமுக்கினாலும் சராசரி அவ்வளவாக அசைவதில்லை, அதனால் ஒரிஜினல் மாட்டிவிடும்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. ஒரு மாடல் தந்த எண்களை இன்னொரு மாடலின் எண்களோடு ஒப்பிட முடியாது. மாடலை மாற்றியபோது 60,000 படத்தையும் மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கடைக் கணினி மூன்று இரவு ஓடியது, காலையில் ரசீதுகூட அடிக்க முடியவில்லை. டிசிக்கு அந்தத் தொல்லை கிடையாது. 2009 கல்யாணத்துக்கும் நேற்றைய கல்யாணத்துக்கும் ஒரே கணக்குதான். புதிதாக 800 படம் இறக்கினால், தம்பி தே தாரிக் வாங்கி வருவதற்குள் அட்டவணையில் ஏறிவிடும்.

சரி, இது கைவிடும் இடமும் உண்டு. குரூப் படத்தில் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துவந்தால் 16×16 ஒப்பீடு தடுமாறும். அன்றைக்குக் கிளிப்தான் துணை. ஐஃபோனின் ஹெயிக் (HEIC) கோப்புகள் ஜேபெக்கே அல்ல, அவற்றில் நான் இன்னும் கைவைக்கவில்லை. இப்போதைக்குத் தனி ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன்.