சுங்கை சிப்புட் ஞானஸ்நான வகுப்பு: மனந்திரும்புதலுக்கு முழு மதிப்பெண், புது மனுஷனுக்குப் பாதிதான்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் டவுனில், கடைவரிசையின் மேல்மாடியில் கூடும் தமிழ்ச் சபை ஒன்று நடத்தும் எட்டு வார ஞானஸ்நான ஆயத்த வகுப்பு இது. வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குத் தொடங்கி ஒன்றரை மணி நேரம் நடக்கும். கட்டணம் இல்லை, பாடப் புத்தகத்துக்கு மட்டும் 10 வெள்ளி (ரிங்கிட்). செம்பனைத் தோட்டத்தில் வேலை முடித்து, குளித்து, மோட்டார் எடுத்து வருகிறவர்களுக்குத் தோதான நேரம்.

முதல் இரண்டு வாரம் பாவம். குடி, நாலு நம்பர் லாட்டரி, சினிமா என்று பட்டியல் போட்டு முடிக்கும் பழக்கம் நம் சபைகளில் உண்டு. இங்கே ஆதியாகமம் 3-ஐ எடுக்கிறார்கள். ஆதாம் ஒளிந்துகொள்கிறான், பிறகு பழியை மனைவிமேல் போடுகிறான். பாவம் முதலில் முறிப்பது உறவைத்தான் என்பது அங்கேயே விளங்கிவிடுகிறது. லூக்கா 15-இல் வரும் கெட்ட குமாரன் கதையில், வீட்டைவிட்டே போகாத மூத்த மகனையும் விசாரிப்பதால், குடியே தொடாதவரும் தப்பிக்க முடியாது.

அடுத்த மூன்று வாரம் மனந்திரும்புதல். வகுப்பின் உயிர் இங்கேதான். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸும் செய்ததை எண்ணி மனஸ்தாபப்பட்டான், அவரைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவும் மனங்கசந்து அழுதான். ஒருவன் நான்றுகொண்டு செத்தான், மற்றவன் இயேசுவிடம் திரும்பினான். 2 கொரிந்தியர் 7:10 சொல்லும் இரண்டு வகைத் துக்கத்தையும், அதாவது மனந்திரும்ப வைக்கும் துக்கத்தையும் மரணத்துக்குக் கொண்டுபோகும் துக்கத்தையும், இப்படி அருகருகே வைத்தால் யாருக்கும் புரியும். பிறகு மூன்று கட்டம் போட்ட தாள் ஒன்று தருகிறார்கள்: என்ன செய்தேன், யாருக்குச் செய்தேன், எப்படிச் சரிசெய்வேன். மூன்றாவது கட்டத்தில்தான் எல்லாருடைய பேனாவும் நிற்கிறது. எண்ணாகமம் 5:7-இன்படி முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். ஏமாற்றியது 500 வெள்ளி என்றால் கொடுக்க வேண்டியது 600. வரி வசூலித்த சகேயு நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் தருவதாகச் சொன்னான். இதைச் சட்டமாகச் சுமத்தாமல், மன்னிப்பைக் காசு கொடுத்து வாங்க முடியாது என்பதையும் கூடவே சொல்கிறார்கள். உண்மையைச் சொல்வதால் இன்னொருவர் குடும்பம் உடையும் என்றால் முதலில் போதகரிடம் பேசச் சொல்வதும் நல்ல எச்சரிக்கை.

ஆனால் அந்தத் தாளை வகுப்பு முடிந்ததும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். இது கூடவே கூடாது. தோட்டத்து ஊரில் பாதிப்பேர் மாமன் மச்சான். பெயரில்லாத தாளையும் கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். எழுதியவர் கையிலேயே அது இருக்கட்டும்.

ஆறாவது வாரம் சாட்சி, அதாவது தான் விசுவாசத்துக்கு வந்த கதையை, எழுதச் சொல்கிறார்கள். ஏழாவது வாரம்தான் ‘கிறிஸ்துவுக்குள் நான் யார்’ என்ற புது மனுஷன் பாடம். இந்த வரிசை தலைகீழ். தான் யாராக்கப்பட்டோம் என்று தெரியாதவர், பழைய கதையைப் பெரிதாக்கித்தான் சாட்சி எழுதுவார். ரோமர் 6-இல் பவுல் முதலில் நாம் கிறிஸ்துவோடு மரித்தோம் என்று நடந்துமுடிந்ததைச் சொல்கிறார். 11-ஆம் வசனத்துக்குப் பிறகே பாவம் ஆளாதிருப்பதாக என்று கட்டளையிடுகிறார். இதை ஒரே இரவில் ஓட்டிவிட்டால், ஞானஸ்நானம் எடுத்து இரண்டு மாதத்தில் மறுபடி கள்ளுக்கடைப் பக்கம் போனவர், ‘எனக்கு ஒன்றும் மாறவில்லை’ என்று சபைக்கு வருவதையே விட்டுவிடுவார். பாவத்தை அறிக்கையிட்டால் மன்னிப்பு உண்டு என்னும் 1 யோவான் 1:9 விசுவாசிகளுக்கு எழுதப்பட்டது என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். எபேசியர் 4:28-ஐயும் சேர்த்தால் நல்லது: திருடன் திருட்டை விடுவதோடு நிற்காமல், உழைத்து இல்லாதவனுக்குக் கொடுக்கிறான். சனிக்கிழமை சாயங்காலக் குடியை விட்டவருக்கு அந்த நேரத்தில் என்ன வேலை என்பதைப் புத்தகம் கேட்கவே இல்லை.

ஞானஸ்நானத்துக்குப் பெயரை மாற்ற வேண்டுமா என்ற விஷயத்தில் தெளிவாக இருக்கிறார்கள், சந்தோஷம். சவுல் தமஸ்கு வழியில் பவுலானார் என்று பலர் நம்புகிறோம். அப்போஸ்தலர் 13:9 ‘பவுல் என்னப்பட்ட சவுல்’ என்று மட்டுமே சொல்கிறது. முனியம்மா முனியம்மாவாகவே ஞானஸ்நானம் பெறலாம், ஐசியை (அடையாள அட்டையை) மாற்ற வேண்டியதில்லை.

அம்மாவின் கருமாதியில் மகன் எதுவரை நிற்கலாம், அண்ணன் வீட்டுப் படையல் சோற்றைச் சாப்பிடலாமா என்பவற்றுக்கு ‘பிறகு பார்க்கலாம்’ என்பதே பதில். இந்து உறவினர்களோடு ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வாழ்கிறவருக்கு இது முதல் நாள் கேள்வி. படைத்த உணவைப் பற்றிப் பேசும் 1 கொரிந்தியர் 8, 10 ஆகிய அதிகாரங்களுக்குத் தனியாக ஒரு வாரம் தர வேண்டும்.

மலாய்வழி தேசியப் பள்ளியில் படித்த இளையவர்கள் பழைய வேதாகமத் தமிழில் திக்குகிறார்கள். போனில் ஒலி வேதாகமம் போட்டுக்கொண்டு வந்தால் சமாளிக்கலாம். முழுக்கு நாளுக்கு, அதாவது தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம் எடுக்கும் நாளுக்கு, அடர்நிற உடை, மாற்றுத் துணி, துண்டு. வெள்ளை வேண்டாம், நனைந்தால் உடம்பு தெரியும்.