ஸ்க்ரம் கேப்: காதுக்கு நம்பலாம், மூளைக்கு நம்பக்கூடாது

ரக்பி யூனியன் ஆட்டக்காரர்கள் தலையில் மாட்டும் ஸ்க்ரம் கேப்பைத் தமிழில் தலைக்கவசம் என்று எழுதிவிடுவது வழக்கம். ஒரே ஸ்க்ரம் கேப்பை இரண்டு பருவங்களாக அணிந்து ஆடியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது கவசம் அல்ல, நுரைப்பஞ்சு வைத்துத் தைத்த தொப்பி. தொப்பி என்று நினைத்து வாங்குபவருக்கு நல்ல பொருள். கவசம் என்று நம்பி வாங்குபவருக்கு ஆபத்தான பொருள்.

நான் ஆடுவது இரண்டாம் வரிசையில், 4-ஆம் எண் இடத்தில். பந்துக்காக இரு அணியினரும் தலை குனிந்து பிணைந்து தள்ளும் ஸ்க்ரம் கூடும்போது, என் தலை முன்வரிசையின் ப்ராப்புக்கும் (ஓரத்தில் நிற்பவர்) ஹுக்கருக்கும் (நடுவில் நிற்பவர்) நடுவே, அவர்களின் இடுப்புகளுக்கிடையில் நுழைந்துகொள்ளும். இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் தள்ளும் அந்த நெருக்கத்தில் காதுகள் மடங்கி, உரசி, கன்றிப்போகும். குருத்தெலும்புக்கும் அதன் மேலுறைக்கும் இடையில் கட்டும் இரத்தத்தை உடனே எடுக்காவிட்டால் காது முடிச்சு முடிச்சாகத் தடித்து இறுகிவிடும்; காலிஃபிளவர் காது என்பது அதைத்தான். தொப்பியில்லாமல் ஆடிய காலத்தில் வலது காதில் இருமுறை ஊசி போட்டு இரத்தத்தை உறிஞ்சி எடுக்க வேண்டியிருந்தது. தொப்பி அணிந்த இரண்டு பருவங்களில் ஒருமுறைகூட அதற்கு அவசியம் வரவில்லை. நெற்றிக் கீறல்களும் பூட்ஸ் ஆணி பட்ட காயங்களும்கூடக் குறைந்தன. இந்த வேலைக்கு முழு மதிப்பெண் தரலாம்.

குறை தொடங்குவது அது வந்த உறையில். நான் வாங்கியதன் உறையில் மூளையின் படம் ஒன்றை அச்சிட்டிருந்தார்கள். எழுத்தில் ஒரு வாக்குறுதியும் இல்லை. ஆனால் படம் எதைச் சொல்ல வருகிறது என்பது வாங்குபவருக்குப் புரியாமல் போகாது. பஞ்சை இரு விரலால் அழுத்திப் பாருங்கள், விரல்கள் ஒன்றையொன்று தொட்டுவிடும். உலக ரக்பி அமைப்பின் விதிகளே பஞ்சின் தடிமனை ஏறத்தாழ 1 சென்டிமீட்டருக்குள் நிறுத்தியிருக்கின்றன. மூளையதிர்ச்சியோ, தலை சட்டென நின்று அல்லது சுழன்று திரும்பும்போது மண்டையோட்டுக்குள் மூளை அசைந்து குலுங்குவதால் வருவது. அந்த அசைவை இவ்வளவு மெல்லிய பஞ்சால் தடுக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் 4,000-க்கும் மேற்பட்ட இளம் ஆட்டக்காரர்களிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்விலும், தொப்பி அணிந்தவர்களுக்கு மூளையதிர்ச்சி குறைந்ததாகத் தெரியவில்லை.

தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பார்த்தே பலரும் இதை வாங்குகிறார்கள். 2022-இல் உலகின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான அயர்லாந்தின் ஜோஷ் வான் டெர் ஃபிளையரை அவருடைய சிவப்புத் தொப்பியை வைத்தே தூரத்திலிருந்து அடையாளம் காணலாம். வேல்ஸின் ஜஸ்டின் டிப்யூரிக் ஆடிய காலத்தில் அணிந்தது நீலத் தொப்பி. ஆனால் அதே தொழில்முறை ஆட்டத்தில் மூளையைக் காக்கும் பொறுப்பை யாரும் தொப்பியிடம் ஒப்படைக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அடிபட்டவரைத் தற்காலிகமாக வெளியேற்றிச் சோதிக்க 12 நிமிடம் ஒதுக்குகிறார்கள். 2024 முதல் உயர்மட்டப் போட்டிகளில், மோதலின்போது தலைக்கு ஏற்படும் முடுக்கத்தை அளக்கும் உணரி பொருத்திய பற்காப்பும் அந்தச் சோதனை முறையில் சேர்ந்துவிட்டது. இந்த மாற்றங்களுக்குப் பின்னால் இருப்பவை சில ஆட்டக்காரர்களின் வாழ்க்கைகள். 2003 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் ஹுக்கராக ஆடிய ஸ்டீவ் தாம்சன், 42 வயதில், தனக்கு நினைவிழப்பு நோய் இருப்பதாகவும் அந்தக் கோப்பையை வென்றதே நினைவில் இல்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார். உறையில் மூளைப் படம் அச்சிட்டவர்கள் மீது எனக்கு இன்னும் கோபம் இருப்பது அதனால்தான்.

மற்றவை சில்லறைக் குறைகள். பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தை மீண்டும் உள்ளே எறியும் லைன்-அவுட்டில், எங்கள் அணியின் குறிச்சொல் சரியாகக் காதில் விழாது. காதுப் பகுதியில் துளை பெரிதாக உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தாடைப்பட்டையின் ஒட்டுநாடா ஒரே பருவத்தில் பிடிப்பை இழந்துவிட்டது, பின்பக்கக் கயிறு மட்டும் உறுதியாக நிற்கிறது. வியர்வை நாற்றத்தைப் பற்றி என்னைவிட என் ஹுக்கர் விரிவாகச் சொல்வார். வெந்நீரில் துவைத்தால் பஞ்சு சுருங்கும். குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும்.

அளவில் மட்டும் தாராளம் காட்டாதீர்கள். என் முதல் தொப்பி ஓர் அளவு பெரியது. மழையில் நனைந்து தொய்ந்து, ஒரு டேக்கிளின்போது கண்ணுக்கு மேல் இறங்க, நான் கட்டிப்பிடித்து வீழ்த்தியது எங்கள் அணியின் ஃபிளாங்கரையே. இப்போதைய தொப்பியில் காதுப்பக்கப் பஞ்சு தேய்ந்துவிட்டது. அடுத்த பருவத்திற்கு இதே வகையில் இதே அளவில் இன்னொன்று வாங்கப்போகிறேன், காதுக்காக.