புயலுக்குப் பிறகு ஏசி பார்க்க வருபவர், மூடியைத் திறக்காமலே "கேஸ் இல்லை" என்றால் நம்பாதீர்கள்

வெள்ளம் வடிந்து மின்சாரம் திரும்பியவுடன் தெருத்தெருவாக ஏசி பழுது பார்க்க வரும் சிலரிடம் மிகுந்த கவனமாக இருங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டின் பக்கச் சுவரில் தாழ்வாகப் பொருத்தப்பட்டிருந்த அவுட்டோர் யூனிட் பாதி உயரத்துக்குத் தண்ணீரில் நின்றது. மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கியே வைத்திருந்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த ஒரு சர்வீஸ்காரரை அப்பா அழைத்தார்.

வந்தவர் மூடியைக் கழற்றவில்லை. உள்ளே சேறு படிந்திருக்கிறதா, ஃபேன் மோட்டாருக்குள் நீர் புகுந்திருக்கிறதா என்று எதையும் பார்க்கவில்லை. நேராக, அழுத்தத்தை அளக்கும் கேஜின் ஹோஸைச் சர்வீஸ் வால்வில் மாட்டி, முள் பூஜ்யத்தில் நிற்பதைக் காட்டி, "சார், கேஸ் சுத்தமா இல்ல சார். தண்ணி ஏறுனா இப்படித்தான் இறங்கிடும். போர்டும் அடி வாங்கியிருக்கும்" என்றார்.

தண்ணீர் ஏறியதால் மட்டும் கேஸ் இறங்காது. அது மூடிய செம்புக் குழாய்க்குள் சுற்றி வருவது. எங்காவது ஓட்டை விழுந்தாலோ, இணைப்பு தளர்ந்தாலோதான் வெளியேறும். 2016 டிசம்பரில் வந்த வர்தா போலக் காற்று பலமாக அடித்த புயலில் ஸ்டாண்டு ஆடி, குழாய் வளைந்து அப்படி நேரலாம். அப்போதும் கசிந்த இடத்தில் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும், சோப்பு நுரை வைத்தால் குமிழி எழும். ஆர்-32 கேஸ் உள்ள ஏசி, ஓடாமல் நிற்கும்போது நம் ஊர் வெப்பநிலையில் 200 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம் காட்ட வேண்டும். முள் உண்மையிலேயே பூஜ்யத்தில் நிற்கிறது என்றால் கேஸ் முழுவதும் போய்விட்டது என்று பொருள். அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் மறுபடி நிரப்பினால், நிரப்பியதும் அதே வழியாகப் போய்விடும். ஆனால் இன்னொன்றும் உண்டு. சர்வீஸ் வால்வுக்குள் சிறிய ஊசி ஒன்று இருக்கிறது. ஹோஸை முழுவதும் திருகினால்தான் அந்த ஊசி அழுந்தி, அழுத்தம் கேஜுக்கு வரும். பாதி திருகி விட்டுவிட்டால், உள்ளே கேஸ் நிறைய இருந்தாலும் முள் அசையாது.

அவர் ஓட்டையையும் தேடவில்லை, குழாய்க்குள் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்யூம் பம்பும் கொண்டுவரவில்லை, சிலிண்டரை எடை பார்க்கவும் இல்லை. சிறிது நேரம் கேஸ் ஏற்றுவதுபோல் ஏற்றிவிட்டு, அதன் பிறகே மூடியைத் திறந்து, கம்ப்ரஸரை இயக்கும் மின்னணுப் பலகையான இன்வெர்ட்டர் போர்டைக் கழற்றி, கடையில் பரிசோதிக்க வேண்டும் என்று எடுத்துச் சென்றார். காப்பீட்டுக்குத் தேவைப்படலாம் என்று தம்பி அந்தச் சமயத்தில் உள்பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தான். மறுநாள் போர்டு திரும்பி வந்தது. கேஸ், போர்டு, கூலி எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய். வாட்ஸ்அப்பில் ஒரு பில் வந்தது. அதில் முகவரியும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

நம் ஊரில் இந்த மோசடி எளிதாக மறைந்துகொள்வதற்குக் காரணம் பருவம்தான். புயல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வருகிறது. ஏசியை முழு மூச்சில் ஓட்டுவதோ மார்ச்சில். வேலை ஒழுங்காக நடந்ததா என்று தெரிய வரும்போது, அவர் வாயால் சொன்ன ஒரு மாத உத்தரவாதம் எப்போதோ முடிந்திருக்கும். எங்களுக்கும் மார்ச்சில்தான் ஏசி ஓடி ஓடி நின்றது. அந்த எண்ணுக்கு அழைத்தால் யாரும் எடுக்கவில்லை.

பிறகு, இத்தொழிலில் பழுத்த ஒரு மெக்கானிக்கை உறவினர் அனுப்பினார். அவர் முதலில் செய்த வேலை மூடியைக் கழற்றியதுதான். ஃபேன் மோட்டாரின் அடியில் வெள்ளத்தின் சேறு காய்ந்து ஓடாகி அப்படியே இருந்தது. போர்டை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டி, "பாருங்க தம்பி, மேல் பூச்சைச் சுரண்டிட்டு மறுபடி சால்டர் வெச்சிருக்காங்க. இது உங்க போர்டுதானா?" என்று கேட்டார். தம்பி எடுத்த படத்தில் இருந்த ஸ்டிக்கர் எண் வேறு, இதில் இருந்த எண் வேறு. வேக்யூம் செய்யாமல் கேஸ் ஏற்றினால் குழாய்க்குள் தங்கும் ஈரம் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரஸரையே அரிக்கும் என்றும் அவர் விளக்கினார்.

ஆகவே உங்கள் அவுட்டோர் யூனிட்டில் தண்ணீர் ஏறியிருந்தால், ஒருமுறை போட்டுப் பார்ப்போம் என்று சுவிட்சைத் தொடாதீர்கள். மூடியை நீங்களாகத் திறக்கவும் வேண்டாம், இன்வெர்ட்டர் போர்டின் கபாசிட்டரில் மின்சாரம் துண்டித்த பிறகும் ஆபத்தான அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கும். வருபவர் சேற்றைக் கழுவி, நன்றாக உலர்த்தி, கம்ப்ரஸரையும் மோட்டாரையும் மெகர் என்ற மின்காப்புச் சோதனைக் கருவி வைத்து மின்கசிவு பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். கேஸ் ஏற்றத்தான் வேண்டும் என்றால், நைட்ரஜன் அடைத்துக் கசிவு பார்த்து, வேக்யூம் செய்து, யூனிட்டின் லேபிளில் கிராம் கணக்கில் அச்சிட்டிருக்கும் அளவை எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். தராசு கொண்டுவராதவரை அனுப்பிவிடுங்கள். போர்டு வீட்டை விட்டு வெளியே போவதானால் ஸ்டிக்கரைப் படம் எடுத்து, எடுத்துச் செல்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். டிசம்பரில் குளிராக இருந்தாலும், வேலை முடிந்த அன்றே ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். பணம் அனுப்பிய ரசீதையும், வாட்ஸ்அப் உரையாடலையும், மாற்றி வைக்கப்பட்ட போர்டையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.