என்வியா, ஜெலஸியா?

நண்பர் மாலத்தீவுப் படம் போட்டால் கீழே ‘ஸோ ஜெலஸ்’ என்று எழுதுகிறோம். கறாரான ஆங்கில வாத்தியார் அதை அடித்துவிட்டு ‘என்வியஸ்’ என்று திருத்துவார். அவர் கணக்குப்படி, அடுத்தவரிடம் இருப்பது நம்மிடம் இல்லையே என்று வேகுவது என்வி. நம்மிடம் இருப்பது கைநழுவிப் போய்விடுமோ என்று பதறுவது ஜெலஸி. முன்னதற்கு இரண்டு பேர் போதும். பின்னதற்கு மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும்.

ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகத்தில் இரண்டையும் பார்க்கலாம். தனக்கு வரவேண்டிய பதவி காசியோவுக்குப் போய்விட்டதே என்று இயாகோ புழுங்குகிறான், அது என்வி. பிறகு ஒரு கைக்குட்டையை வைத்து ஒத்தெல்லோவின் மனதில் மனைவியைப் பற்றிச் சந்தேகத்தை மூட்டுகிறான், அது ஜெலஸி. ‘பச்சைக்கண் பூதம்’ என்று அவன் சொல்வதும் ஜெலஸியைத்தான். பின்னாளில் அந்தப் பச்சையை என்விக்கும் பூசிவிட்டார்கள்.

பூர்வீகம் இன்னும் சுவாரஸ்யம். என்வியின் மூலம் லத்தீன் ‘இன்விடியா’. அதற்குள் இருக்கும் ‘விடேரே’ என்றால் பார்ப்பது. வீடியோவும் அந்த வேரில் வந்ததுதான். கெட்ட எண்ணத்தோடு உற்றுப் பார்ப்பதே இன்விடியா. நம்மூர்க் கண்ணேறுக்குப் பக்கத்து வீடு என்று வையுங்கள். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்தில், செத்தவர்கள் பாவம் கழுவும் கழுவாய் மலையில் பொறாமைக்காரர்களின் இமைகளை இரும்புக் கம்பியால் தைத்து வைத்திருப்பார்கள். குற்றம் செய்தது கண்தானே! இதே சொல் பிரெஞ்சில் சாதுவாகிவிட்டது. அங்கே காபி குடிக்கத் தோன்றினாலும் ‘ஆன்வி’தான்.

ஜெலஸி கிரேக்க ‘ஸீலோஸ்’ வழி வந்தது. உற்சாகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘ஸீல்’ அதன் உடன்பிறப்பு. அரிஸ்டாட்டிலுக்கு ஸீலோஸ் நல்லவர்களின் குணம்: அவனிடம் இருப்பது எனக்கும் வேண்டும் என்று முயல வைப்பது. அவனிடம் அது இருக்கக்கூடாது என்பதற்கு அவர் வேறு சொல் வைத்திருந்தார். இவ்வளவு நல்ல குடும்பத்தில் பிறந்த சொல், கடைசியில் சந்தேகப் புருஷனிடம் வந்து மாட்டிக்கொண்டது. ஆனாலும் பழைய மதிப்பு முழுதாகப் போகவில்லை. பைபிளின் யாத்திராகமத்தில் ‘எரிச்சலுள்ள தேவன்’ என்று தமிழில் வருவது ஆங்கிலத்தில் ‘ஜெலஸ்’. அங்கே என்வியஸ் பொருந்தாது; எல்லாம் உடையவருக்கு யாரைப் பார்த்து என்வி வரும்?

சரி, எதை எழுதுவது? பேச்சில் ஜெலஸ் தாராளமாகப் போகலாம், அகராதிகளே ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆனால் இது ஒருவழிப் பாதை: சந்தேகப் புருஷனை என்வியஸ் என்றால் யாருக்கும் புரியாது. அலுவலக மெயிலில் ஒருவரைப் பாராட்ட நினைத்தால் என் ஓட்டு ‘ஐ என்வி யூ’வுக்குத்தான். ‘ஐயாம் ஜெலஸ்’ வாட்ஸப்போடு நிற்கட்டும்.