கஸ்டம் ஸ்டீல் வீல்: பவுடர் கோட்டிங்கா, டூ-கே பெயிண்டா?

கல் தெறிப்பைத் தாங்குவதில், பொடியைத் தூவி அடுப்பில் சுட்டு ஒட்டவைக்கும் பவுடர் கோட்டிங்தான் கெட்டி. ஆனால் அகலப்படுத்தி வெல்டிங் வைத்த ஸ்டீல் வீலில் அது வேலையைக் காட்டிவிடும். ரிம்மும் நடுத்தட்டும் சேரும் இடுக்கில் தங்கிய எண்ணெயும் ஈரமும், சுமார் 200 டிகிரி செல்சியஸ் அடுப்பில் ஆவியாகி, பூச்சில் ஊசித்துளை போடும். வெறும் வீலை முதலில் ஒருமுறை சுட்டெடுத்துவிட்டு பவுடர் அடித்தால் பெரும்பாலும் தப்பலாம். இன்னொரு வம்பு, நட் உட்காரும் இடம். அங்கே தடித்த பூச்சு இருந்தால் நாளடைவில் நசுங்கி நட் தளரும். மறைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். சொல்லிவிட்டு வந்தாலும் பட்டறையில் மறந்துவிடுவார்கள், கூடவே நில்லுங்கள்.

டூ-கே பெயிண்டுக்கு (ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) அந்தச் சூடு தேவையில்லை. கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். கல் பட்டால் சீக்கிரம் பெயரும், அவ்வளவுதான். துரு தின்று குழி விழுந்த பழைய வீலென்றால் என் ஓட்டு இதற்கே: குழியை நிரப்பும் சாதாரணப் பட்டி பவுடர் அடுப்பைத் தாங்காது.