இறக்காத கியர்பாக்ஸுக்கு 1,34,500 ரூபாய்: கடலூர், புதுச்சேரி கார்காரர்கள் கவனத்துக்கு

நேற்று மாலைதான் உண்மை தெரிந்தது. கோபம் ஆறிவிட்டால் பாதியை விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். தானியங்கி கியர்பாக்ஸ் ஸ்பெஷலிஸ்ட் என்று பெரிய பலகை மாட்டியிருக்கும் புதுச்சேரிப் பட்டறை ஒன்றில் எங்கள் குடும்ப எஸ்யூவியைப் பழுது பார்க்கக் கொடுத்து, 1,34,500 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன். புகார் கொடுக்க இருப்பதால் பட்டறையின் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லிவிட்டார். நடந்ததைச் சொல்லிவிட்டு, இப்படிச் சிக்காமல் இருக்க என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. டார்க் கன்வெர்ட்டர் (என்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள ஆறு வேகத் தானியங்கி கியர். கம்பெனி வாரண்டி முடிந்துவிட்டது. அப்பாவை ஜிப்மருக்கு அழைத்துப் போவதற்கும் வெளியூர்க் கல்யாணங்களுக்கும் அதுதான். மழைக்காலம் முடிந்த சமயத்தில் போர்ட்டிகோ டைல்ஸில் சிவப்பும் பழுப்புமாக எண்ணெய்த் துளிகள் விழத் தொடங்கின. என்ஜின் ஆயில் என்றால் கறுப்பாக இருந்திருக்கும். ரிவர்ஸ் போட்டால் வண்டி சற்றுத் தயங்கி, பிறகு டக்கென்று இழுத்தது. பெண்ணையாற்றுப் பாலத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தபோது ஆர்.பி.எம். முள் எகிறியதே தவிர வேகம் ஏறவில்லை. தானியங்கி கியர் பெட்டியில் எண்ணெய் வெறும் மசகு அல்ல. அதன் அழுத்தம்தான் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கிறது. எண்ணெய் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், அழுத்தம் இறங்கும், தட்டுகள் வழுக்கும், வழுக்கும் தட்டுகள் சூடேறிக் கருகும். ஆகவே ஒழுக்கைத் தள்ளிப்போடாமல் உடனே வண்டியைக் கொண்டுபோனேன்.

அந்தப் பட்டறை உரிமையாளர் நம்பிக்கையைச் சம்பாதித்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வண்டியை லிஃப்டில் ஏற்றி, என்னையும் அடியில் வரச்சொல்லி, டார்ச் அடித்து, என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்து அந்தத் துணியை என் கையிலேயே கொடுத்தார். "பாருங்க சார், செவப்பு. இது கியர் ஆயில்தான். கம்பெனிக்குப் போனீங்கன்னா புது கியர்பாக்ஸே மாத்தணும்னு நாலு லட்சம் சொல்லுவாங்க. எனக்கு எதுக்கு சார் அந்தப் பாவம், சீல் மட்டும் மாத்தித் தர்றேன், பதினாலாயிரத்து ஐநூறு குடுங்க, போதும்" என்றார். குறைவாகக் கேட்கிறவரை யார் சந்தேகிப்பார்கள்? டீ வரவழைத்துக் கொடுத்து, அப்பாவின் உடம்பைப் பற்றிக்கூட விசாரித்தார்.

அடுத்து வந்தது வாட்ஸ்அப்பில் ஒரு படம்: கருகிப்போன தட்டுகள், எண்ணெய் வழியும் மேசை. "பெட்டியை இறக்கிப் பிரிச்சாச்சு சார், கிளட்ச் பிளேட் முழுக்க அவுட்டு. அப்படியே மூடினா நூறு கிலோமீட்டர்கூடத் தாங்காது" என்று போன். மேற்கொண்டு 1,20,000 ரூபாய். அதையும் பட்டறையின் கணக்குக்கு அல்லாமல் மைத்துனருடையது என்று சொன்ன எண்ணுக்கு ஜிபே செய்யச் சொன்னார். ஆக மொத்தம் 1,34,500. வண்டியை எடுக்கப் போனபோது பழைய தட்டுகளைச் சாக்குப் பையில் கட்டித் தந்து, ஆறு மாத வாரண்டி என்று வாயால் சொன்னார்கள். ஜிஎஸ்டி ரசீது கேட்டதற்குக் கணக்குப் பிள்ளை வந்ததும் அனுப்புவதாகப் பதில் வந்தது. கையில் கிடைத்தது எண்ணோ முத்திரையோ இல்லாத ஒரு துண்டுத்தாள்.

ஊர் திரும்பும்போது கிருமாம்பாக்கம் தாண்டுவதற்குள்ளேயே கியர் மாறும்போதெல்லாம் வண்டி குலுங்கியது. மறுவாரம் டைல்ஸில் மீண்டும் எண்ணெய். போன் செய்தால், புதுத் தட்டு செட்டாக வேண்டும், வண்டியின் கம்ப்யூட்டர் கியரை மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். கியர்பாக்ஸ் வேலைக்குப் பிறகு கம்ப்யூட்டர் புதிதாகப் பழகிக்கொள்வது உண்மையில் உள்ளதுதான். பாதி உண்மையாக இருந்ததால்தான் அந்தப் பொய் எடுபட்டது. ஆனால் தரையில் சொட்டும் எண்ணெய்க்கும் அதே காரணத்தைச் சொல்வது எந்த ஊர் நியாயம்? பிறகு பொங்கல் முடியட்டும் என்றார்; மெக்கானிக் லீவு என்றார்; அதற்குப் பிறகு அவருடைய மகன் போனை எடுத்து அப்பா வெளியூர் என்றான். கடைசியாகக் கிடைத்த பதில், "மழைத்தண்ணியில ஓட்டியிருப்பீங்க சார், உள்ள தண்ணி பூந்திருக்கும்." 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து ஊரையே மிதக்கவிட்டதிலிருந்து, இந்தப் பக்கத்தில் எந்தப் பழுதுக்கும் வெள்ளத்தைக் காட்டுவது வசதியாகிவிட்டது. தண்ணீர் புகுந்தால் கியர் ஆயில் கலங்கி ரோஸ்மில்க் போல ஆகிவிடும். என் வண்டியில் சொட்டியது கருகல் வாடை அடிக்கும் பழுப்பு எண்ணெய்.

சென்ற வாரம் செம்மண்டலம் அருகே வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு மேலே மாற மறுத்தது. மஞ்சக்குப்பத்தில் இருக்கும், பலகைகூட இல்லாத ஒரு பழைய மெக்கானிக்கிடம் கட்டி இழுத்துப் போனோம். நேற்று அவர் என்னை அடியில் கூப்பிட்டு, கியர்பாக்ஸை என்ஜினோடு பூட்டியிருக்கும் போல்ட்டுகளைக் காட்டினார். ஒவ்வொன்றின் தலையிலும் பல வருடத்துச் சேறு இறுகிப்போய்த் துரு ஏறிக் கிடந்தது. ஸ்பானர் பட்ட பளபளப்பு ஒரு முனையில்கூட இல்லை. "தம்பி, இதைக் கழட்டாம பெட்டி எப்படிக் கீழ வரும்?" என்று மட்டும் கேட்டார். ஒழுகிய இடம் டார்க் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் பம்ப் சீல். ரப்பர் வளையம் சின்னதுதான் என்றாலும், பெட்டியை இறக்காமல் அதைத் தொடவே முடியாது. அவர்கள் செய்திருந்த ஒரே வேலை, பெட்டியின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் பேனைக் கழற்றி, ஒழுகாமல் அடைக்கும் கேஸ்கெட் போட வேண்டிய இடத்தில் சிலிக்கான் பசையை அப்பி மூடியதுதான். அந்தப் பசை பிதுங்கி உள்ளே விழுந்து ஃபில்டரில் ஒட்டியிருந்தது. எண்ணெயும் இருக்க வேண்டிய அளவில் இல்லை. சாக்குப் பையில் இருந்த தட்டுகளைப் புரட்டிப் பார்த்தவர், இவை வேறு ஏதோ வண்டியுடையவை, இந்தப் பெட்டிக்குள் நுழையவே நுழையாது என்றார். இறக்காத பெட்டிக்கும் மாற்றாத தட்டுக்கும்தான் 1,34,500 ரூபாய். போதாக்குறைக்கு, போதிய எண்ணெய் இல்லாமல் இத்தனை நாள் ஓடியதில் இப்போது உள்ளே நிஜமாகவே கருகியிருக்கும் என்கிறார்.

படம் எடுத்து அனுப்பிவிட்டு உரிமையாளரை அழைத்தேன். "கேஸ் போடணும்னா போடுங்க சார், நீங்க தமிழ்நாடு, பாண்டிக்கு வந்துதான் போடணும்" என்று சொல்லி வைத்துவிட்டார். இதுவும் பொய். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனு செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. செய்த வேலைக்கு ரசீது தராமல் இருப்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது அந்தச் சட்டம்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது மனம் அதற்கு ஒத்துழைக்கவில்லை, அவசரமானவை மட்டும். பெட்டியை இறக்கப் போகிறோம் என்று யார் சொன்னாலும், வண்டியை விடும் முன் அதன் போல்ட்டுகளின் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு இழுத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கி வைத்த பெட்டியை உங்கள் வண்டிக்குப் பக்கத்திலேயே நேரில் பாருங்கள், வாட்ஸ்அப் படத்தை நம்பாதீர்கள். எல்லா வண்டிக்கும் சேரும் ஆயில் என்று சொல்லி எதையாவது ஊற்ற விடாதீர்கள். வண்டியின் கையேட்டில் உள்ள வகைதான் வேண்டும். தனிநபர் எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எல்லாப் பட்டறையும் இப்படி என்று சொல்ல வரவில்லை. புதுச்சேரியில் கியர்பாக்ஸ் வேலைக்கு மைத்துனர் கணக்கில் பணம் போட்டுவிட்டு ரசீது வராமல் காத்திருப்பவர்கள் வேறு யாரேனும் இருந்தால், பணம் அனுப்பிய பதிவின் படத்தோடு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். திங்கட்கிழமை கடலூரில் மனு கொடுக்கிறேன். அதற்குள் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளலாமா என்று வக்கீலிடம் கேட்கிறேன்.