‘எண்பதில் வைத்துவிட்டேன், தொடவே வேண்டாம்’ என்று சொல்லும் பட்டறையிடம் எச்சரிக்கை

பிக்கப் வண்டியின் பின் அச்சில், ஸ்பிரிங்குக்குத் துணையாகப் பாரத்தைத் தாங்கும் காற்றுப்பை பொருத்தி டிரெய்லர் இழுப்பவர்களும், பொருத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களும் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கோயில் விழாக்களுக்கும் திருமணங்களுக்கும் விளக்கு அலங்காரமும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுவது என் தொழில். ஏறத்தாழ 1,200 கிலோ எடையுள்ள ஜெனரேட்டர் டிரெய்லரை மாட்டிக்கொண்டு, பின்தட்டில் கேபிள் சுருள்களையும் விளக்குப் பெட்டிகளையும் ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் நன்றாகத் தாழ்ந்துவிடும். முன் விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். அதைச் சரிசெய்வதற்காகவே சிங்கப்பூரில் காக்கி புக்கிட் வட்டாரத்திலுள்ள ஒரு பட்டறையை நாடினேன்.

அங்கே எனக்குச் சொல்லப்பட்டவை இரண்டு. காற்றுப்பை போட்டால் வண்டி கூடுதலாக அரை டன் தாங்கும் என்பது முதலாவது. பில்லிலேயே ‘பாரத் திறன் உயர்வு’ என்று ஒரு வரி எழுதி அதற்குத் தனியாகக் காசும் வாங்கினார்கள். இரண்டாவது, பையின் காற்றழுத்தத்தைப் பற்றி, வேலை முடிந்து சாவியைக் கையில் கொடுத்தபோது வந்தது: “அண்ணே, எண்பது பிஎஸ்ஐ-யில வச்சிட்டேன். காலியா ஓட்டினாலும் லோடோட ஓட்டினாலும் அப்படியே விட்டுடுங்க, தொடவே வேணாம்.” இரண்டுமே தவறு, இரண்டாவது ஆபத்தானதும்கூட.

வண்டி காலியாக இருக்கும்போது பின்பக்கம் ஐந்து செண்டிமீட்டருக்கும் மேல் தூக்கிக்கொண்டு நின்றது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தின் வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின் சக்கரங்கள் தரையைவிட்டுக் குதித்தன. அது வெறும் அசௌகரியம்தான் என்று பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு மழையில் தீவு விரைவுச்சாலையில் போனபோது, வளைவுகளில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பத் தயங்கியது. பிரேக்கை மிதித்தால் முன்பக்கம் மட்டும் குனிந்தது, பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளுவது முதுகில் தெரிந்தது. பட்டறையில் முறையிட்டதற்கு, புதுப் பை பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்றார்கள். மறுமுறை கேட்டபோது பேச்சு மாறி, நான்தான் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுகிறேன் என்றார்கள். பாரத் திறனை உயர்த்தியதாகப் பில் போட்டவர்கள் இப்படிச் சொன்னதுதான் எனக்கு வியப்பு.

பிறகு துவாஸ் பக்கத்தில் கனரக வாகனங்களின் அடிச்சட்ட வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் காட்டினேன். அவர் காற்றுமானியைத் தேடவில்லை. அளவு நாடாவைத்தான் எடுத்தார். சமதளமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பையிலிருந்த காற்றை ஐந்து பிஎஸ்ஐ வரை இறக்கினார். பொதுவாக இத்தகைய பைகளுக்குத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடும் குறைந்தபட்ச அழுத்தம் அதுதான், அதற்கும் கீழே போனால் ரப்பர் மடிந்து உரசிக் கிழியும். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரையிலான உயரத்தை நான்கு மூலைகளிலும் அளந்து மட்கார்டின் மேலேயே சாக்பீசால் எழுதினார். தரையிலிருந்து அளக்காமல் சக்கர மையத்திலிருந்து அளப்பதற்குக் காரணம், டயரில் காற்று கூடக்குறைய இருந்தாலும் கணக்கு பிசகாது என்பதே.

அடுத்து, வழக்கமாக ஏற்றும் சாமான்களைப் பின்தட்டில் ஏற்றி, டிரெய்லரையும் மாட்டச் செய்தார். பின்பக்கம் நாலரை செண்டிமீட்டர் இறங்கியது. முன்பக்கம் ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர் ஏறியது. இரு பைகளிலும் சிறிது சிறிதாகக் காற்றை ஏற்றினார். பின்பக்கம் மெல்ல எழுந்தது. முன் மட்கார்டில் நாடாவை வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார்: அந்த ஒரு செண்டிமீட்டர் அப்படியே இருந்தது. எண்பது வரை ஏற்றிக் காட்டினார், அப்போதும் இறங்கவில்லை. இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை என்றாலும் கணக்கையும் போட்டுக் காட்டினார். டிரெய்லரின் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு வண்டியின் இழுவைக் கொக்கியின் மேல் அமரவேண்டும். என் டிரெய்லருக்கு அது சுமார் 150 கிலோ. கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.1 மீட்டர். எனவே கொக்கியில் அழுத்தும் 150 கிலோ, நெம்புகோலைப் போல முன் அச்சிலிருந்து ஏறத்தாழ 58 கிலோவைத் தூக்கிவிடுகிறது. பின் அச்சோ 208 கிலோ கூடுதலாகச் சுமக்கிறது. காற்றுப்பையில் எவ்வளவு காற்று இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. முன் அச்சுக்குப் பாரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் அதற்கென்று எடைப் பகிர்வுக் கொக்கி வேறாக இருக்கிறது; அல்லது ஏற்றும் சாமானைக் குறைக்க வேண்டும், இடம் மாற்ற வேண்டும். காற்றுப்பை வண்டியை மட்டமாக நிற்க வைக்கும், அவ்வளவே.

‘அரை டன் கூடுதல்’ என்பதும் இங்கேதான் உடைகிறது. வண்டியின் பக்கவாட்டில் எழுதப்பட்டிருக்கும் அதிகபட்சச் சுமை எடை என்பது அச்சு, டயர், பிரேக், அடிச்சட்டம் எல்லாவற்றையும் சேர்த்து நிர்ணயித்த எல்லை. ஸ்பிரிங்குக்குத் துணையாக ஒரு பையைச் செருகுவதால் அவற்றில் எதுவும் வலுப்பெறுவதில்லை. மாறாக, பட்டை ஸ்பிரிங் தன் இரு முனைகளின் வழியாகப் பாரத்தை அடிச்சட்டத்தின் இரண்டு இடங்களுக்குப் பிரித்து அனுப்பும். காற்றுப்பையோ அச்சுக்கு நேர்மேலே ஒரே இடத்தில் அழுத்தும். பின்னால் கனத்த டிரெய்லர் தொங்கும்போது பையில் அளவுக்கு மீறிக் காற்றும் இருந்தால் அடிச்சட்டம் அந்த இடத்தில் வளைய வாய்ப்புண்டு. ஆஸ்திரேலியாவில் கேரவன் இழுக்கும் இரட்டைக் கேபின் பிக்கப்புகளுக்கு இப்படி நேர்ந்திருக்கிறது.

பிரேக் விஷயத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. என் வண்டியைப் போன்ற பல பிக்கப்புகளில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைப் பாரத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு இருக்கிறது. அதற்குப் பாரம் எப்படித் தெரியும் என்றால், அடிச்சட்டத்துக்கும் அச்சுக்கும் இடையே உள்ள ஒரு கம்பி மூலம் உயரத்தை உணர்ந்துதான். காற்றுப்பை பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்திவிட்டால் வண்டி காலியாக இருப்பதாக அந்த வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடுகிறது. இழுத்துக்கொண்டு போவதோ ஒரு டன்னுக்கும் மேல்! பின்பக்கம் தூக்கியதால் முன் சக்கரங்கள் திரும்பும் அச்சின் பின்சாய்வுக்கோணம் (காஸ்டர்) குறைந்ததே ஸ்டீயரிங் திரும்பத் தயங்கியதற்குக் காரணம் என்றும் அவர் சொன்னார்.

முழுப் பாரத்துடன் என் வண்டிக்குப் பொருந்திய அழுத்தம் முப்பதுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. பின் மட்கார்டின் உயரம் காலி வண்டியின் உயரத்தைத் தாண்டக்கூடாது, ஒரு விரற்கடை தாழ்ந்திருப்பதே நல்லது என்பது அவருடைய அளவுகோல். இந்த எண்ணை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வண்டிக்கும் பாரத்துக்கும் வேறு எண் வரும். டிரெய்லரைக் கழற்றியதும் ஐந்துக்கோ பத்துக்கோ இறக்கிவிட வேண்டும். பையின் கொள்ளளவு மிகச் சிறியது என்பதால் காற்றுமானியை ஒருமுறை வைத்தெடுத்தாலே அழுத்தம் சற்றுக் குறைந்துவிடும். பெட்ரோல் நிலையத்துக் கருவியிலோ கண்மூடித் திறப்பதற்குள் ஏறிவிடும். எனவே அங்கே ஏற்றும்போது கையை வால்விலேயே வைத்திருங்கள், திரை கிலோபாஸ்கலில் காட்டினால் முப்பது பிஎஸ்ஐ என்பது ஏறத்தாழ 207 என்று கொள்ளுங்கள்.

வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தபோதுதான் மீதி ஏமாற்று வெளிப்பட்டது. பைக்கு ஒன்றாக இரண்டு வால்வுகள் பெட்டியில் வந்திருக்க, பட்டறைக்காரர் இரு குழாய்களையும் ஓர் இணைப்பில் கோத்து ஒரே வால்வை வைத்திருந்தார். அப்படிச் செய்தால் வளைவில் திரும்பும்போது அழுந்தும் பக்கத்துக் காற்று மறுபக்கத்துக்கு ஓடிவிடும், வண்டி இன்னும் அதிகமாகச் சாயும். ஒரு குழாய் ஓட்டையானால் இரண்டு பைகளும் இறங்கும். பில்லில் காசு வாங்கியிருந்த வெப்பத் தடுப்புத் தகடு இல்லவே இல்லை. புகைக்குழாய்க்கு அருகே போன காற்றுக்குழாயின் மேற்பரப்பு பளபளத்து இளகத் தொடங்கியிருந்தது. தகடு எங்கே என்று தொலைபேசியில் கேட்டேன். “ஸ்டாக் வரணும், பாஸ்” என்று பதில் வந்தது. ‘அண்ணே’ ஏன் ‘பாஸ்’ ஆனது என்று கேட்கவில்லை.

இத்தகைய வேலைக்கு வண்டியைக் கொடுக்கும் முன் சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை அனுமதி தேவையற்றவை, முன் அனுமதி பெறவேண்டியவை, அனுமதிக்கப்படாதவை என்று பிரித்து வைத்திருக்கிறது. செய்யப்போவது எந்த வகை என்பதைப் பட்டறையின் வாய்ச்சொல்லில் விடாமல் ஆணையத்திடமே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பொருத்திய பின் எந்தப் பாரத்துக்கு, எந்த உயரத்தில், எவ்வளவு அழுத்தம் என்று அளந்து எழுதித்தரச் சொல்லுங்கள். பெட்டியோடு வரும் கையேட்டையும் கேட்டு வாங்குங்கள். என்னிடம் அது தரப்படவே இல்லை, பெரியவரிடம் வேறொரு வண்டியின் கையேட்டைப் பார்த்துத்தான் பாதி விவரம் தெரிந்தது.

நான் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்தேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை, இருதரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை, அங்கே வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுபோகலாம். பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். நாடாவில் எண் தெரியும்படி எடுத்த மட்கார்டுப் படங்கள், இளகிய குழாயின் படம், அந்த ‘பாரத் திறன் உயர்வு’ பில், பெரியவர் எழுதித்தந்த அறிக்கை ஆகியவற்றை இணைத்தேன். விசாரணைக்குப் போகும் முன்பே, பேச்சுக் கட்டத்தில், கூலியையும் தகட்டின் விலையையும் அந்த வரிக்கு வாங்கிய காசையும் திருப்பித்தர அவர்கள் சம்மதித்தார்கள். பைகளின் விலையை நான் கேட்கவில்லை. பைகளில் குறையில்லை, இன்றும் அவற்றைத்தான் ஓட்டுகிறேன். குழாய்களைப் பிரித்து இரண்டு வால்வாக மாற்றியதற்கும் பிரேக் வால்வைச் சீரமைத்ததற்கும் ஆன செலவை மட்டும் அவர்கள் கடைசிவரை ஏற்கவில்லை.